வீட்டுக்குள் சுவரை எடுப்பது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்க வேண்டும், சமையலறையை ஹாலோடு சேர்க்க வேண்டும், அப்பாவின் சக்கர நாற்காலி போக வழி அகலமாக வேண்டும் என்று கேட்பவர்கள் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஆண்டு முழுக்க வருகிறார்கள். மருத்துவமனைக்கு வருபவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வாடகைக்கு விடுவதற்காகத் தடுத்த அறைகளை மறுபடியும் வீடாக்க நினைப்பவர்களும் உண்டு. வீட்டு மராமத்து வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் சிவில் பொறியாளன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. உயிர் சம்பந்தப்பட்ட இடங்களில் பதில் நீளமாக இருக்கும். தயவுசெய்து அந்த இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது கான்கிரீட் சுவர்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

சிமென்ட் பூசிய எல்லாச் சுவரையும் கான்கிரீட் சுவர் என்று சொல்வது இங்கே வழக்கம். உள்ளே இருப்பது செங்கல்லாக இருக்கலாம், சாலிட் பிளாக் அல்லது ஹாலோ பிளாக்காக இருக்கலாம், கம்பி கட்டி வார்த்த உண்மையான கான்கிரீட்டாகவும் இருக்கலாம். கண்ணில் படாத ஒரு மூலையில் சின்ன டிரில் பிட்டால் ஓர் ஓட்டை போட்டுப் பாருங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து பிட் சுலபமாக இறங்கினால் பிளாக். திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். பிட் திணறி, ஜல்லியில் மாட்டி மாட்டி நகர்ந்தால் கான்கிரீட். இரும்பில் முட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள். அது கான்கிரீட்டின் கம்பியாக இருக்கலாம், மின்வயர் போகும் குழாயாகவும் இருக்கலாம். டிரில் போடும் முன் அந்த அறையின் மெயினை அணைத்துவிடுவது நல்லது.

தனி வீடுகளில் முழுக் கான்கிரீட் சுவர் அபூர்வம். லிஃப்ட் குழியைச் சுற்றி இருக்கும், தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். அலுமினியப் பலகை அடித்துச் சுவரையும் தளத்தையும் ஒரே வார்ப்பாக ஊற்றிய புதிய அடுக்குமாடிகளில் எல்லாச் சுவரும் அப்படித்தான் இருக்கும். மைவான் முறை என்று விற்பனைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அப்படிப்பட்ட வீட்டில் சுவரே தூண், சுவரே பீம். அதில் கதவளவு திறப்புகூடப் போடக் கூடாது.

சுவர் பாரம் தாங்குகிறதா இல்லையா என்று நாமே பார்க்க முடியுமா?

முதல்கட்டமாகப் பார்க்கலாம். முடிவு சொல்வது பொறியாளர் வேலை. ஆனால் அவர் வருவதற்குள் நீங்கள் சேகரித்து வைக்கும் விவரம் பெரிய உதவி.

சுவரைப் பார்ப்பதற்கு முன் மாடிக்குப் போங்கள். அந்தச் சுவருக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? மாடி அறையின் சுவரா, கைப்பிடிச் சுவரா, தண்ணீர் டேங்க்கா? ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். டேங்க்கை எங்கே வைப்பது என்று முடிவு செய்த மேஸ்திரி பெரும்பாலும் கீழே சுவர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் வைத்திருப்பார். மேலே ஒரு சுவர் நின்றால், கீழே இருப்பது எந்தத் தடிமனாக இருந்தாலும் அதன்மேல் பாரம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கீழே வந்து கூரையைப் பாருங்கள். சுவருக்கு மேலே பீம் கீழ்நோக்கித் துருத்திக்கொண்டு தெரிகிறதா? தெரிந்து, அது இரண்டு பக்கமும் பில்லரில் போய் உட்கார்ந்தால், சுவர் வெறும் தடுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பீமே தெரியவில்லை, தளம் நேரடியாகச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது, அளவு. கதவு நிலைக்குப் பக்கத்தில் டேப் வைத்து மொத்தத் தடிமனை அளந்துகொள்ளுங்கள். பூச்சோடு சேர்த்துப் பத்து அங்குலம் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர். ஐந்தரை, ஆறு வந்தால் நாலரை அங்குலச் சுவர். பிறகு அறையின் நீள அகலம். தளத்தில் முதன்மைக் கம்பி குறுகிய பக்கமாகத்தான் ஓடும். ஆகவே நீளமான இரண்டு சுவர்களும்தான் தளத்தின் பாரத்தை அதிகம் வாங்குகின்றன.

கட்டும்போது எடுத்த புகைப்படங்கள் இருந்தால் பொக்கிஷம். கம்பி கட்டி முடித்து கான்கிரீட் ஊற்றும் முன் எடுத்த ஒரே ஒரு படம் இருந்தாலும் அதை எடுத்து வையுங்கள். பழைய வரைபடம், அனுமதி பெற்ற பிளான், வங்கிக் கடனுக்குக் கொடுத்த நகல் எல்லாவற்றையும் தேடுங்கள்.

நம் வீடு பில்லர் போட்ட வீடு. அப்படியென்றால் எந்தச் சுவரையும் எடுக்கலாம்தானே?

இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. வெளிச்சுற்றில் மட்டும் பில்லர் நிறுத்திவிட்டு, உள்பக்கம் தளத்தை ஒன்பது அங்குலச் சுவரில் உட்கார வைத்த வீடுகள் நம் பக்கம் நிறையவே இருக்கின்றன. வாசலில் இரண்டு பில்லர் தெரிவதை வைத்து வீடு முழுக்க பில்லர் வீடு என்று சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு பில்லரிலிருந்தும் அடுத்த பில்லருக்கு பீம் போகிறதா என்று பார்க்காமல் பில்லர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

நாலரை அங்குலச் சுவர்தான். அதுகூடவா பாரம் தாங்கும்?

தாங்கும், சில சமயம். தளம் ஊற்றும் முன்பே சுவரைக் கட்டி அதன்மேலேயே சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை) அடித்திருந்தால், தளம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். தளம் முடிந்த பிறகு கட்டிய சுவராக இருந்தாலும் கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்லத் தாழும். அப்படித் தாழ்ந்து சுவரின் தலையில் வந்து அமர்ந்துவிட்டால், தடுப்பாகப் பிறந்த சுவர் தாங்கியாக மாறிவிடும். அதனால் எந்தத் தடுப்புச் சுவரையும் தளத்துக்கு முட்டுக் கொடுக்காமல் எடுக்க நான் ஒத்துக்கொள்வதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறைக்கு மேலே நான்கு டன்னுக்குமேல் தொங்குகிறது, மேலே போட்ட தட்டோடும் சுருக்கியும் (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) சேராமல். நடுவில் இருந்த தாங்கலை எடுத்துத் தளத்தின் தாவல், அதாவது ஒரு தாங்கலிலிருந்து அடுத்த தாங்கல் வரை உள்ள தூரம், இரண்டு மடங்கானால், வளைக்கும் விசை நான்கு மடங்காகும். தொய்வு பதினாறு மடங்கு வரை போகும். இன்னொரு சிக்கல், நடுச்சுவருக்கு மேலே தளத்தில் கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவர் போனதும் அதே இடத்தில் இழுவிசை கீழ்ப்பக்கம் வரும். அங்கே கம்பி போதாது.

அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஹால் நடுவில் வைத்த சுவர். இப்போது ஒருவரே முழு வீட்டையும் வாங்கிவிட்டார். எடுக்கலாமா?

இது மனதுக்குச் சந்தோஷம் தரும் வேலை. பெரும்பாலும் எடுக்கலாம்தான். இப்படிப்பட்ட சுவர்கள் வீடு கட்டி முடிந்து பல ஆண்டுகள் கழித்து எழுந்தவை. அடியில் அஸ்திவாரமே இல்லாமல் நேரே தரைமேல் கட்டப்பட்டவை. அவற்றை எடுத்தால் வீடு பழைய நிலைக்கு வரும், அவ்வளவுதான்.

ஆனால் பாகம் பிரித்த பிறகு யாராவது ஒருவர் மாடி எடுத்தாரா என்று கேளுங்கள். தன் பங்குக்கு மேலே மட்டும் ஓர் அறை கட்டும்போது, அந்த அறையின் ஒரு சுவரைப் பாகச் சுவருக்கு நேர் மேலேயே ஏற்றியிருப்பார்கள். கீழே சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் பீம் போட்டிருக்க மாட்டார்கள். இந்த நிலையில் பாகச் சுவர் வீட்டின் முக்கியமான தாங்கி ஆகிவிட்டது. பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசி, எது எந்த வருடம் கட்டியது என்று வரிசையாக எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் வரைபடத்துக்குச் சமம்.

இரண்டு பக்கமும் தனித்தனி மின் இணைப்பு இருக்கும். சுவரை எடுக்கும் முன் இரண்டு மெயினையும் அணைக்க வேண்டும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறப்பது சுலபம்.

கொசப்பேட்டைப் பக்கம் தாத்தா காலத்து வீடு. கருங்கல் சுவர், மேலே மரத் தூலமும் செங்கல்லும். சில இடங்களில் கற்பலகை. நடுச்சுவரை எடுக்கலாமா?

முழுதாக எடுக்கவே கூடாது என்றுதான் சொல்வேன். மெட்ராஸ் டெரஸ் என்கிற அந்தக் கூரையில் தேக்குத் தூலங்களுக்குக் குறுக்கே சிறு செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கியிருப்பார்கள். தூலம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தச் சுவர் இல்லாமல் கூரை இல்லை. கற்பலகைக் கூரை இன்னும் கடுமை. ஒவ்வொரு பலகையும் இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கிறது. கல்லுக்கு அழுத்தம் தாங்கும் பலம் அதிகம், வளைவைத் தாங்கும் பலம் மிகக் குறைவு. கான்கிரீட் விரிசல் விட்டு எச்சரிக்கும். கல் அப்படிச் செய்யாமல் சட்டென்று முறியும்.

இந்தச் சுவர்களின் உள்ளே இரண்டு முகத்துக்கு நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும் நிரப்பியிருக்கும். பிரேக்கர் மெஷின் வைத்தால் அதிர்வில் நிரப்பு மண் சரிந்து சுவர் வயிறு தள்ளும். வழி வேண்டுமென்றால் மூன்று அல்லது மூன்றரை அடி அகலத்துக்கு, மேலே கல் அல்லது இரும்பு உத்தரம் கொடுத்து, கை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதே இதற்குப் பொருத்தம். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர் என்றால் அவர்களுடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். அவர்களுடைய தூலமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்.

மேஸ்திரி "ஒண்ணும் ஆகாது சார்" என்கிறார். பொறியாளர் தேவையா?

அனுபவமுள்ள மேஸ்திரியின் கைக்கும் கண்ணுக்கும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்தே பூச்சு எங்கே விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் தளத்துக்குள் எத்தனை கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தட்டினால் தெரியாது. கம்பி கண்டுபிடிக்கும் கருவி வைத்துப் பார்க்க வேண்டும், கணக்குப் போட வேண்டும். பொறியாளர் ஒருமுறை வந்து பார்த்து ஒரு தாளில் வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கூலி, மொத்த வேலையில் சின்னப் பங்குதான். தாங்கும் சுவர் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் கட்டாயம்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டடங்களுக்கு இங்கே பொருந்துவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. தாங்கும் அமைப்பைத் தொடுவது, அறைகளின் பயன்பாட்டை மாற்றுவது என்று வந்தால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். வேலூர் மாநகராட்சியோ ஆற்காடு நகராட்சியோ ஊராட்சியோ, அங்கே பதிவு பெற்ற பொறியாளர் மூலம் போவது நல்லது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி. எங்கள் வீட்டுக்குள் இருக்கும் சுவர்தானே?

உங்கள் வீட்டுக்குள் நின்றாலும் மேலே இருப்பவரின் வீட்டை அது சுமக்கலாம். சங்கத்திடம் கட்டமைப்பு வரைபடம் கேளுங்கள். பொறியாளர் கடிதத்தோடு எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் தொட வேண்டும். மேல்வீடு, கீழ்வீடு இருவரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நம் ஊர் முறை. கீழ்வீட்டுக்காரரிடம் இன்னொரு உதவியும் கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் உங்கள் வீட்டில் முட்டு வைத்தால் அந்தப் பாரம் அவருடைய கூரையில் இறங்கும். அவர் வீட்டிலும் நேர் கீழே முட்டு வைக்க வேண்டும்.

முழுச் சுவரையும் எடுக்காமல் பாதி திறந்தால்?

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்லும் யோசனையே இதுதான். பன்னிரண்டு அடிச் சுவரில் இரண்டு ஓரமும் இரண்டிரண்டு அடி விட்டு, நடுவில் எட்டடி திறந்தாலே கண்ணுக்கு ஒரே அறையாகத் தெரியும். விட்ட ஓரங்கள் பீமுக்கு உட்கார இடம் கொடுக்கும். சுவிட்ச் போர்டு, குழாய் எல்லாம் அங்கேயே ஒதுங்கிக்கொள்ளும். சமையலறை என்றால் கீழே மூன்றடி உயரத்துக்குச் சுவரை அப்படியே விட்டு மேலே கிரானைட் பலகை போட்டால், சாப்பாடு எடுத்து வைக்கும் மேடையாகிவிடும். செலவு குறையும், தூசி குறையும், தரையைத் தொடவே வேண்டாம்.

தாங்கும் சுவருக்குப் பதில் பீம் எப்படி வைப்பார்கள்?

முதலில் முட்டு. சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று அடி தள்ளி, ஜாக்கிகளை (திருகி உயரம் மாற்றும் இரும்பு முட்டு) வரிசையாக நிறுத்த வேண்டும். ஜாக்கிக்கு ஜாக்கி மூன்றடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். மேலே தடித்த மர உத்தரம், கீழே அகலமான பலகை. ஜாக்கியை நேராக டைல்ஸ்மேல் நிறுத்தினால் டைல்ஸ் உடைந்து முட்டு இறங்கிவிடும். தளத்தை மேலே தூக்கும் அளவுக்குத் திருகவும் கூடாது, இறுக்கமாகத் தொட்டால் போதும். சவுக்குக் கம்பை முட்டாக வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வளைந்த கம்பும் அடியில் ஆப்பும் இந்த வேலைக்குச் சரிப்படாது, இரும்பு ஜாக்கியே கேளுங்கள்.

அடுத்து பீம். இருக்கிற வீட்டில் அதிகம் உதவுவது இரும்புதான். சுவரின் மேல்பகுதியில் ஒரு பக்கம் வரியாக வெட்டி ஒரு சி சேனலை (ஆங்கில C வடிவ இரும்பு) உள்ளே பதித்து, அது இறுகிய பிறகு மறுபக்கம் வெட்டி இன்னொன்றைப் பதித்து, இரண்டையும் சுவருக்கு ஊடாக போல்ட்டால் பிணைப்பார்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. பிணைத்த பிறகு அடியில் உள்ள சுவரை எடுக்கலாம். ஆங்கில I வடிவ ஐ பீம் ஒன்றை முழுதாக வைப்பதும் உண்டு. கான்கிரீட் பீம் என்றால் தோராயமாகப் பன்னிரண்டு அடித் தாவலுக்கு ஓரடி ஆழம் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். சரியான அளவைக் கணக்குத்தான் சொல்லும்.

பீமுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் சந்துதான் வேலையின் உயிர். அதைச் சாதாரணக் கலவையால் பூசி மறைத்துவிட்டால், கலவை சுருங்கி, முட்டு எடுத்த அன்றே தளம் அந்தச் சந்து அளவுக்கு இறங்கும். மேல்மாடி டைல்ஸ் வெடிக்கும். இரும்புத் தகட்டு ஆப்பு அடித்து, சுருங்காத கிரவுட்டால் (சந்தை நிரப்பும் சிமென்ட் கலவை) இறுக்கி நிரப்ப வேண்டும். இந்த வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்ப்பது தப்பே இல்லை.

பீமின் முனைகளையும் கவனியுங்கள். இதுவரை பன்னிரண்டு அடி நீளத்துக்குப் பரவி அஸ்திவாரத்துக்குப் போன பாரம், இனி இரண்டு முனையில் மட்டும் இறங்கும். முனை உட்காரும் இடத்தில் கான்கிரீட் படுகை வேண்டும். பாரம் அதிகமென்றால் தனி பில்லரும் அதற்குக் கீழே அஸ்திவாரமும் வேண்டும். பீம் வைத்தாயிற்று என்று அதோடு நின்றுவிடும் ஒப்பந்தக்காரரிடம் இதைக் கேளுங்கள்.

முட்டுகளை எப்போது எடுப்பது? கான்கிரீட் பீமுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டில் ஆறு மீட்டர் வரையான தாவலுக்குக் குறைந்தது 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்கிறது. சாம்பல் போன்ற பொருள் கலந்த பி.பி.சி. சிமென்ட்டில் பலம் மெதுவாக ஏறும், இன்னும் சில நாள் பொறுங்கள்.

சுவரை உடைக்கும் சரியான முறை எது?

மேலிருந்து கீழே, வரிசை வரிசையாக. அடியில் உடைத்துத் தள்ளிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் சுவருக்கு அடியில் சிக்கிக்கொள்கிறார்கள். பத்துக்குப் பத்து நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஏறக்குறைய இரண்டு டன். அதே அளவில் ஆறு அங்குலக் கான்கிரீட் என்றால் மூன்றரை டன். முதலில் கட்டிங் மெஷினால் தளத்தோடும் பில்லரோடும் ஒட்டிய கோட்டை அறுத்துப் பிரித்துவிட வேண்டும். அப்போதுதான் அதிர்வு பில்லருக்குப் போகாது, பக்கத்துப் பூச்சும் பிய்ந்து வராது. பாதி உடைத்த சுவரை இரவு அப்படியே நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள்.

கான்கிரீட் சுவர் என்றால் வைர வீல் வைத்துத் துண்டு துண்டாக அறுத்து எடுப்பது நல்லது. ஆறு அங்குலத் தடிமனில் ஓரடிக்கு ஓரடித் துண்டே 35 கிலோ. இரண்டுக்கு இரண்டு அறுத்தால் 140 கிலோ, அதை இரண்டு பேர் தூக்க முடியாது. துண்டின் அளவை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பரண், சன்ஷேட் இரண்டையும் மறக்க வேண்டாம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை கீழே சாயாமல் இருப்பதற்குக் காரணம் அதற்கு மேலே இருக்கும் சுவரின் எடை. மேல்சுவரை எடுத்தால் பரண் அப்படியே கவிழும். பரணைத்தான் முதலில் அகற்ற வேண்டும், அதுவும் கீழே முட்டு கொடுத்து.

தூசி?

செங்கல், கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டியாகிப் போகும் சிலிகோசிஸ் வரும். அதை மருந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்களுக்கு இது சில நாள் தொல்லை, உடைப்பவருக்கு இது தினப்படி வாழ்க்கை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்பவரைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. என்-95 முகக்கவசம், கண்ணாடி, ஹெல்மெட், கையுறை ஆகியவற்றை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்துவிடலாம். அறுக்கும் இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். தண்ணீரும் மின்கருவியும் சேரும் இடம் என்பதால், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய இணைப்பில்தான் மெஷின் ஓட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் உடைக்கும் நாட்களில் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது.

இடிபாடு எவ்வளவு வரும்? எங்கே கொட்டுவது?

மேலே சொன்ன நாலரை அங்குலச் சுவர் 37 கன அடி. உடைந்தபின் உப்பி ஐம்பது அறுபது கன அடி ஆகும், அதாவது அரை யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் நூறு கன அடி) சற்று மேல். செங்கல் துண்டும் காரையும் வீட்டு அடிமட்டத்தை நிரப்ப உதவும். பக்கத்தில் யாராவது வீடு கட்டினால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். கம்பி பழைய இரும்புக் கடைக்கு. மீதியை உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். பாலாற்றங்கரையிலும் ஏரிக் கால்வாயிலும் இரவோடு இரவாகக் கொட்டும் டிராக்டர்காரருக்கு வேலை கொடுக்காதீர்கள். மழை வரும்போது அந்தக் கால்வாயின் தண்ணீர் நம் தெருவுக்குத்தான் வரும்.

மாடியில் வேலை நடந்தால் இடிபாட்டை அறை நடுவில் குவிக்க வேண்டாம். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதல் பாரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. ஓரடி உயரக் குவியலே அதைப்போல இரண்டு மடங்கு வரும். அன்றன்றைக்குக் கீழே இறக்குங்கள்.

எந்த மாதத்தில் செய்யலாம்?

ஆடியில் தொடங்க வீட்டில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது உங்கள் விருப்பம். என் கவலை மழையைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஊறியிருக்கும்போது பழைய மண் சுவரையும் கல் சுவரையும் தொடவே வேண்டாம். 2021 நவம்பர் 19இல் தொடர்மழைக்குப் பிறகு பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. கத்திரி வெயிலில் உடைக்கலாம், ஆனால் புதுக் கான்கிரீட் சீக்கிரம் காய்ந்துவிடும். கோணிச் சாக்கு சுற்றி நாள் முழுக்க ஈரம் காக்க ஆள் வேண்டும். தை முதல் பங்குனி வரை வசதியான காலம்.

நம் ஊரில் நிலநடுக்கம் வருமா என்ன? அதையும் கணக்கில் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893 தரநிலையின் 2016 பதிப்பில் வேலூர் மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான அபாயமுள்ள பகுதியில் இருக்கிறது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வேலூர்ப் பக்கம் ரிக்டர் அளவில் மூன்றரையை ஒட்டிய அதிர்வுகள் பதிவாயின. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது வீட்டை நெட்டாக நிறுத்துவதில் உள்சுவர்களுக்குப் பங்கு உண்டு. தரைத்தளத்தில் எல்லாத் தடுப்பையும் எடுத்து ஒரே ஹாலாக்கி, மாடியில் மட்டும் சுவர்களை விட்டுவைப்பது பலவீனமான அமைப்பு. கடைக்கு வாடகை விடுவதற்காகக் கீழ்த்தளத்தைத் திறப்பவர்கள் இதைப் பொறியாளரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

உடைக்கும் கூலி மொத்தச் செலவில் சின்னப் பகுதி. முட்டு வாடகை, பீம், கிரவுட், இடிபாடு ஏற்றும் டிராக்டர், மின்வயர் மாற்றம், இரண்டு அறைக்கும் பட்டி பார்த்துப் பெயின்ட், தரை ஒட்டு எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். "மொத்தமா பாத்துக்கலாம்" என்ற பேச்சில் முதலில் வெட்டுப்படுவது முட்டு வாடகைதான்.

சுவர் இருந்த இடத்தில் தரை என்ன ஆகும்?

அரை அடி அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும். இரண்டு அறையின் மட்டமும் பெரும்பாலும் சமமாக இருக்காது. பழைய மொசைக்குக்கும் ரெட் ஆக்ஸைடுக்கும் இப்போது அதே நிறம் கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். கறுப்பு கிரானைட் பட்டை ஒன்றைப் பதித்தால் அழகாகவே இருக்கும், மட்ட வித்தியாசமும் அதில் மறையும்.

வாஸ்துவுக்காக ஈசானிய மூலைச் சுவரை எடுக்கச் சொல்கிறார்கள்.

நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை. வாஸ்து பார்ப்பவரிடம் "இந்த மூலையில் பில்லர் இருக்கிறது, வேறு வழி உண்டா?" என்று கேளுங்கள். கதவு இடம் மாற்றுவது, ஜன்னல் வைப்பது என்று மாற்று வழி அவர்களே சொல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே சுவரை எடுத்துவிட்டோம். பீம் வைக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லையே?

இன்றைக்கே ஜாக்கி வாடகைக்கு எடுத்து, அனுபவமுள்ளவரை வைத்து முட்டுக் கொடுங்கள், பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே உள்ள டேங்க்கைக் காலி செய்யுங்கள். மாடியில் சாமான் குவித்திருந்தால் இறக்குங்கள், ஆட்களை அங்கே தூங்க விடாதீர்கள். கூரையில் சுவர் இருந்த கோட்டை ஒட்டி விரிசல் இருந்தால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் தளம் இன்னும் நகர்கிறது. கதவு புதிதாக இறுகுவது, நிலைக்கு மேலே சாய்வாக விரிசல் ஓடுவது, பூச்சு உதிர்வது ஆகியவையும் அதே அறிகுறிகள்.

விரிசல் கண் முன்னாலேயே அகலமானாலோ மடமடவென்று சத்தம் கேட்டாலோ, முட்டு வைக்கக்கூட உள்ளே போகாதீர்கள். எல்லாரையும் வெளியே அழைத்துக்கொண்டு வந்து 112க்குப் போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையும் வெளியே வரச் சொல்லுங்கள்.